பங்காளி

சென்னைக்குப் போகும் இரண்டாம் மேல்முறையீடு.
நூற்றுப் பதினெட்டுப் பக்கம்.
மன்னார்குடி கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில்,
பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி
தமிழை இங்கிலீஷாக்குகிறவள் நான்.

வாதி உத்திராபதி. பிரதிவாதி வைரக்கண்ணு.
அண்ணன் தம்பி பிள்ளைகள்.
ஒரே மதகு, ஒரே வாய்க்கால்,
மேலே இவர் வயல், கீழே அவர் வயல்.
குறுவை கருகிய வருஷம், ராத்திரி இரண்டு மணிக்கு
மதகுப் பலகையைத் தூக்கியது யார்
என்பதுதான் கேஸ்.
பலகை பதினோரு வருஷமாகக் கோர்ட்டில் இருக்கிறது.
சான்றுப் பொருள் ஒன்று என்று சீட்டு ஒட்டி,
சொட்டுத் தண்ணீர் படாமல்.

முப்பதாம் பக்கத்தில் ‘விரோதி’ என்று வந்தது.
எனிமி என்றால் கொலைக்கேஸ் வாடை அடிக்கும்.
ரைவல் என்று தட்டினேன்.
தட்டிய பிறகு உறுத்தியது.
என்னிடம் ஒரு தடித்த அகராதி உண்டு;
ஒவ்வொரு சொல்லுக்கும் மூலப்பத்திரம் காட்டும்.

ரைவல்: லத்தீனில்,
ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவன்.

அவ்வளவுதான்.
அரிவாள் இல்லை, வாய்ச்சண்டை இல்லை,
வக்கீல் நோட்டீஸ் இல்லை.
ஃபேனை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை படித்தேன்.
ரோமாபுரியில் எந்த உத்திராபதி
எந்த வைரக்கண்ணுவின் கரையில்
மண்வெட்டியோடு நின்றாரோ!

நம்மிடமும் அந்தச் சொல் இருக்கிறது.
பங்காளி. பங்கு உள்ளவன்.
சொல்லில் ஒரு குற்றமும் இல்லை.
அவனால் வரும் காய்ச்சலுக்குத்தான்
எந்த ஆஸ்பத்திரியிலும் ஊசி கிடையாது.

அதோடு அகராதியை மூடியிருக்கலாம்.
ஒரு சொல் இன்னொன்றிலிருந்து ‘டெரைவ்’ ஆனது
என்று எழுதுகிறார்களே,
அந்த டெரைவும் அதே ஓடைதானாம்:
ஆற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்து விடுவது.
அகராதி முழுக்க வாய்க்கால் ஓடுகிறது,
நான் தாளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆதாரத்துக்குப் பொதுப்பணித் துறை ஆவணம்.
அதில் அணைக்கட்டு என்று ஒன்பது இடத்தில்.
அனிகட் என்று அடித்துவிட்டுப் போனேன்.
நம் சொல்லேதான், மீசையை எடுத்துக்கொண்டு
இங்கிலீஷில் உத்தியோகம் பார்க்கிறது.
அந்த ஒன்பதுக்கும் கூலி வாங்கிக்கொண்டேன்,
பொய் சொல்வானேன்.

மூன்றாம் சாட்சி, லஸ்கர் அடைக்கலம்.
பாரசீகத்தில் லஸ்கர் என்றால் சேனை.
இங்கிலீஷ்காரன் கப்பலில் ஏறியபோது மாலுமி.
வெண்ணாற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது
ஒரு சாவி, ஒரு டார்ச்,
பேட்டரி போன டார்ச்.
அந்தச் சேனை கூண்டில் ஏறிச் சொன்னது:
‘கும்மிருட்டுங்க. ஆளத் தெரியல.
இருமல் மட்டும் கேட்டுச்சு.
ரெண்டு வீட்டுக்கும் அதே இருமல்ங்க,
அவங்க தாத்தாவோடது.’

இதை மொழிபெயர்க்கத்தான்
எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது.

ரைவலுக்கு ஒரு அடிக்குறிப்பு போட்டேன்.
வக்கீல் அருளானந்தம் போனில் கத்தினார்:
‘ஜட்ஜுக்கு லத்தீன் டியூஷனாம்மா எடுக்குறீங்க?’
எடுத்துவிட்டேன்.
டெல்டா என்ற சொல்லுக்கும் ஒன்று வைத்திருந்தேன்,
கேட்கவே பயந்து அழித்தேன்:
கிரேக்க எழுத்து; அதற்கும் முன்னால்
வேறு யாரோ எழுதிய எழுத்து;
அவர்கள் பாஷையில் அதற்குப் பொருள், கதவு.
டெல்டா விவசாயி, டெல்டா பாசனம், டெல்டா எக்ஸ்பிரஸ்
என்று நாள் முழுக்கச் சொல்கிறோம்.
கதவின் பலகை
பீரோவில் இருக்கிறது.

நேற்று உத்திராபதி கையெழுத்துப் போட வந்தார்.
பக்கத்துக்குப் பக்கம், தமிழில், நிதானமாக,
நாற்று நடுவது போல.
‘இதுல அவன என்னன்னு எழுதியிருக்கீங்க?’ என்றார்.
ஒரே தண்ணியைக் குடிக்கிறவர் என்று
எழுதியிருக்கிறேன் என்றேன்.
பேனா நின்றது.
‘அது சரிதான். அதனாலதான கேஸு’
என்று சொல்லி, இருமினார்.

கீழே ஜெராக்ஸ் மிஷின் பக்கத்திலிருந்து
யாரோ இருமினார்கள்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.
அவரும்.